டாக்டர் செத்துப்போன மத்தியானம்

ராஜபாளையத்தில் பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிகள் இருந்த தெருவில் ஓர் ஆஸ்பத்திரியை நடத்திக் காட்டியவன் நான். வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டது நான். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனதும் தகரம் போட்டது நான். மருந்து கொடுக்கச் சுவரில் ஜன்னல் வைத்தது, கண் வலிக்காரர்களைப் பிரித்துத் தனிப் பெஞ்சியில் உட்கார வைத்தது, பேதிக்காரர்களுக்குக் கொல்லையில் மறைப்புக் கட்டியது, ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் கிளை திறந்தது, அதற்கு வேண்டிய மேசையை பஸ் கூரையில் ஏற்றி, அது விழுந்துவிடாமல் நானும் கூரையில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டே போனது, எல்லாம் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. கூமாப்பட்டியிலிருந்து வந்தபோது தோளில் ஒரு துண்டு கிடந்தது, அதுவும் மாமனுடைய துண்டு.

அப்படியானால் டாக்டர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வைத்தியம் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அதில் நான் பங்கு கேட்கவில்லை. அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார் என்பதுதான் பேச்சு.

இப்போதெல்லாம் டாக்டர்களுக்கு டென்ஷன் என்கிறார்கள். டென்ஷன் போகக் கொடைக்கானலுக்குப் போகிறார்கள். மூச்சை இழுத்து மூக்கைப் பிடித்து உட்காருகிறார்கள். போய்விட்டு வந்து அதே கூட்டத்தில், அதே ஒற்றை வாசல் அறையில் உட்கார்ந்து மறுபடியும் கத்துகிறார்கள். இந்தக் கூத்தை நான் அந்தக் காலத்திலேயே பார்த்தாயிற்று. எங்கள் டாக்டரும் குற்றாலத்துக்குப் போனார். சீசனில் அருவிக்கு அடியில் நின்றுவிட்டு வந்தால் நரம்பு தளரும் என்று மதுரையில் ஒரு பெரிய டாக்டர் சொன்னாராம். போனார், நின்றார், வந்தார். வந்த அன்று காலையிலேயே ஒரு நோயாளியின் மருந்து பாட்டிலைத் தெருவில் வீசினார். அருவி தலையில்தான் விழுந்தது, வாசலில் நின்ற கூட்டத்தின் மேலா விழுந்தது?

அவர் பாளையங்கோட்டைப் பக்கம். கிறிஸ்தவர். படிப்புக்காரர். இந்த ஊரில் மில் வந்து, சங்கு ஊத ஆரம்பித்த பிறகு இங்கே வந்து டிஸ்பென்சரி வைத்தார். நான் அதற்கு முன் ஜின்னிங் பேக்டரியில் பஞ்சு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மூட்டை சரிந்து கை நசுங்கியது. அவர்தான் கட்டுப் போட்டார். கட்டுப் பிரிக்கிற நாள்வரை தினமும் போய் அங்கே உட்கார்ந்திருந்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. பஞ்சு வண்டிகள் வந்து போகிற ஒழுங்குகூட அந்த இடத்தில் இல்லை. விரல் மடங்காதவனை பேக்டரியில் சேர்க்கவில்லை. இங்கேயே இருந்துகொண்டேன். முதலில் பெருக்கினேன். பிறகு கட்டுத்துணி மடித்தேன். பிறகு எல்லாமும் நானே.

கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டம் இல்லை. வத்திராயிருப்பிலிருந்தும் மலையடி ஊர்களிலிருந்தும் குளிர்காய்ச்சல்காரர்களை வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு வண்டிச் சனம். மில்லிலிருந்து இருமிக்கொண்டே வருகிறவர்கள் வேறு. இருந்தது ஒரே வாசல். உள்ளே போகிறவனும் வெளியே வருகிறவனும் நிலைப்படியில் தோள் இடித்துக்கொள்வார்கள். அது போகட்டும். மருந்து எழுதி வாங்கியவன் வெளியே போகமாட்டான். அடுத்த ஆளுக்கு என்ன வியாதி என்று தெரிந்துகொண்டுதான் போவான். அவன் நாக்கை நீட்டினால் இவனும் எட்டிப் பார்ப்பான். வாசல்வரை போனவனும் திரும்பி வருவான்.

"டாக்டரய்யா, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். கத்திரிக்கா திங்கலாமா?"

"திங்காதே."

"கொஞ்சம் போல?"

"திங்காதேன்னு சொன்னேன்."

"பிஞ்சா இருந்தா?"

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் அந்த மனிதனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனாலும் வீட்டு வாசலுக்கு வந்து நின்று கூப்பிடுவார்கள். சோற்றில் கை வைத்தபடி நாடி பார்ப்பார்.

ஒரு நாள் ஒருவனுக்கு உள்ளங்கையில் சீழ்க்கட்டி. டாக்டர் கீறப் போனார். மருந்து வாங்கி முடித்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் இன்னும் கிட்டத்தில் பார்க்கவேண்டுமென்று எட்டினான். முழங்கை இடித்தது. கத்தி டாக்டரின் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. அப்படியும் அவர் கட்டியைக் கீறி முடித்தார். கட்டுப் போட்டார். பிறகு கத்தி, கத்தரி கிடந்த தட்டை அப்படியே எடுத்துத் தெருவில் விட்டெறிந்தார்.

"என்னால ஆகாது ஓய். சாமானைக் கட்டும். நான் ஊருக்குப் போறேன்."

"ஐயா, கோவத்துல சொல்லுதிய."

"கோவம் இல்ல. கையப் பாரும், எப்படி ஆடுதுன்னு. இந்தக் கையோட இன்னொருத்தனக் கீறினா அவன் செத்துருவான். நாளைக்கே லாரிக்குச் சொல்லும்."

அவர் சொன்னது சரிதான். கை ஆடியது. ஆனால் அவர் போனால் நான் எங்கே போவேன்? மடங்காத விரலோடு கூமாப்பட்டிக்குத் திரும்பினால் மாமன் துண்டைத் திருப்பிக் கேட்பான். இந்த ஊருக்கு இன்னொரு டாக்டர் வர எத்தனை காலம் ஆகுமோ. "வர்ற சந்தை வரைக்கும் பொறுங்கய்யா, பொறவு நானே லாரி பிடிச்சித் தாரேன்" என்று சொல்லி வைத்தேன். சரி என்றார். வீட்டில் அம்மா, டாக்டரின் சம்சாரம், டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நான் யோசித்தேன். படித்தவர்கள் மனத்தைப் பற்றி யோசிப்பார்கள். நான் வாசலைப் பற்றி யோசித்தேன். ஜின்னிங் பேக்டரியில் இரண்டு கேட் உண்டு. பாரவண்டி ஒன்றில் வரும், இறக்கும், மற்றதில் போகும். வண்டி உள்ளே திரும்பவே கூடாது. திரும்பினால்தான் அச்சு இடிக்கும், மாடு மிரளும், வண்டிக்காரன் சாட்டையை ஓங்குவான். இங்கேயும் அதே கதை. பார்த்து முடிந்தவன் திரும்பாமல் நேரே பின்பக்கம் போனால் பாதித் தொல்லை ஒழிந்தது.

டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைக்குப் போன நாளாகப் பார்த்து இரண்டு கொத்தனார்களை வைத்து அறையின் பின்சுவரை உடைத்தேன். வாடகை வாங்குகிற கட்டடத்துக்காரரைக் கேட்கவில்லை. அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிற பெரிய குடும்பம். எதையும் யோசித்துத்தான் சொல்வார். அவர் யோசித்து முடிப்பதற்குள் டாக்டர் பாளையங்கோட்டையில் இருப்பார்.

மறுநாள் காலை டாக்டர் வந்து பார்த்தார்.

"என்ன ஓய் இது?"

"வாசல்ங்கய்யா. போறதுக்கு."

"பீரங்கி வச்சுச் சுட்ட மாதிரி இருக்கு."

முதல் ஆளாக வத்திராயிருப்பு மாந்தோப்புக் காவல்காரன் ஒருவனும் அவன் பெண்டாட்டியும். மருந்து எழுதியாயிற்று. "இப்பிடிப் போங்க" என்று பின்பக்கத்தைக் காட்டினேன். அந்த அம்மாள் உடைந்த சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புருஷனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய? உசுரோட கூட்டியாந்த மனுசன இந்த வழியாவா வெளிய அனுப்புவிய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில், ஆகாத நட்சத்திரத்தில் யாராவது செத்துப்போனால் பிணத்தை வாசல் வழியாக எடுக்கமாட்டார்கள். சுவரை உடைத்து அந்த ஓட்டை வழியாக எடுப்பார்கள். சுவரில் புதிதாக ஓட்டை இருந்தால் அது பிணம் போன வழி. எனக்குத் தெரியாத வழக்கமா? வண்டிக் கணக்கில் யோசித்துக்கொண்டிருந்ததில் தோன்றவில்லை. அதற்காக அவள் அப்படி ஊரைக் கூட்டியிருக்க வேண்டியதில்லை. அடுத்து வந்தவனும் போகமாட்டேன் என்றான். அதற்கடுத்தவனும். பார்த்து முடிந்தவர்கள் எல்லோரும் அந்த ஓட்டையைப் பார்த்தபடி அறைக்குள்ளேயே நின்றார்கள். முன்னைவிட மோசம். மூச்சு விட இடமில்லை.

டாக்டர் எழுந்தார். படிப்புக்காரர் அல்லவா, பிரசங்கம் பண்ணினார். மூடத்தனம், காட்டுமிராண்டித்தனம், செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் நட்சத்திரம் ஏது என்று கத்தினார். ஒருவரும் அசையவில்லை. கத்தினால் நம்பிக்கை போய்விடும் என்று எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்களோ. கடைசியில், "பாருங்க, நான் போறேன்" என்று வேட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே அந்த ஓட்டை வழியாக இறங்கிப் போனார். கூட்டம் "ஐயோ" என்றது. இறங்கியவர் திரும்பி வரவில்லை. வெறுத்துப்போய்ப் பின்சந்து வழியாக நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் எல்லோரையும் வெளியேற்றி முன்கதவைச் சாத்தினேன். அதன் பிறகு வந்தவர்கள் என்ன பார்த்தார்கள்? காலை வேளையில் ஆஸ்பத்திரி சாத்தியிருக்கிறது. பின்சுவர் புதிதாக உடைந்திருக்கிறது. டாக்டரைக் காணவில்லை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க்காரர்கள் வேறு என்ன முடிவுக்கு வருவார்கள்? டாக்டர் செத்துப்போனார், ஆகாத நாள், சுவரை உடைத்து எடுத்துவிட்டார்கள். பஸ் கண்டக்டர் அதை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனான். நல்ல செய்தியை எவனாவது அவ்வளவு வேகமாகக் கொண்டுபோவானா?

நான் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"சத்தம் போடாதீங்க. தூங்குறாங்க."

"இப்பமா?"

"கலியாணம் ஆனதுல இருந்து இவங்க பகல்ல தூங்கி நான் பாத்ததில்ல. யாரும் வந்து கூப்பிடல, பாத்தீங்களா?"

எட்டிப் பார்த்தேன். கட்டிலில் குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காயம்பட்ட கை தொங்கிக்கொண்டிருந்தது. ஆடவில்லை. குற்றாலம் செய்யாததை ஒரு பொய்ச் சாவு செய்துவிட்டது. செத்துப்போனவரிடம் கத்திரிக்காய் தின்னலாமா என்று யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா. அந்த இடத்திலேயே முடிவு செய்தேன், இந்த மனிதன் எழுந்திருக்கும்வரை செத்தவராகவே இருக்கட்டும் என்று.

திரும்பி வந்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தேன். ஆட்கள் கையில் பூமாலையோடு வரத் தொடங்கினார்கள்.

"எப்ப எடுத்தாவ?"

"இருங்க. செத்த நேரம் உக்காருங்க."

"நேத்து வரைக்கும் நல்லா இருந்தாவளே. எப்பிடி அண்ணாச்சி ஆச்சு?"

"எல்லாம் நீங்க கேட்ட கேள்வியிலதான்."

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. வாழ்நாளில் அந்த டாக்டரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர்கள் அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதார்கள். கைராசிக்காரர் என்றார்கள். முந்தின வாரம் அவரைச் சிடுமூஞ்சி என்று திட்டியவன் மூக்கைச் சிந்தினான். கட்டடத்துக்காரரும் வெள்ளை வேட்டியில் ஒரு பெரிய மாலையோடு வந்து, பெஞ்சியின் நடுவில் உட்கார்ந்து, "எம்புட்டு நல்ல மனுசன்" என்று பெருமூச்சு விட்டார்.

வெயில் தாழ்ந்த பிறகு டாக்டர் குளித்து, காபி குடித்து, தலை சீவிக்கொண்டு தெருவழியாக வந்தார்.

"என்ன இம்புட்டு மாலை? யாரு செத்தா?"

ஒருவன் எழுந்து ஓடினான். டாக்டர் என்னைப் பார்த்தார், உடைந்த சுவரைப் பார்த்தார், மாலைகளைப் பார்த்தார். விளங்கிவிட்டது. கட்டடத்துக்காரர் கையிலிருந்த மாலையை மரியாதையாக வாங்கிக்கொண்டு, "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம். வயித்து வாயு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் டாக்டரின் பல்லை நான் முழுதாகப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஓய், நாளைக்கும் மத்தியானம் நான் செத்துப்போக முடியுமா?"

"அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

மாலையைக் கொடுத்துவிட்டு ஏமாந்து நின்ற கட்டடத்துக்காரர் மறுநாள் காலையிலேயே வந்து குதித்தார். "ஏமிரா இது? யாரக் கேட்டு உடைச்சே? சுவத்த அடைக்கணும். இல்லேன்னா எடத்தக் காலி பண்ணுங்க." அவர் குதிப்பது சுவருக்காக இல்லை. உயிரோடிருக்கிறவருக்கு மாலை கொண்டுவந்த வெட்கம். எனக்குத் தெரியாதா?

"அடைச்சிருதேன் முதலாளி. ஆனா ஒண்ணு யோசிங்க. ஓட்டைய அடைச்சா, பொணம் போன வழிய அடைச்ச சுவருன்னு காலம் பூரா பேசுவாவ. நிலை வச்சுட்டா அது வாசல். ரெண்டு வாசல் வச்ச கட்டடம் இந்தத் தெருவுல எவனுக்கு இருக்கு? நிலையில மொதக் கை வைக்க உங்கள விட்டா யாரு இருக்கா?"

யோசிக்கிறவர் அல்லவா, யோசித்தார். சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல தேக்கா வாங்கு" என்றார். பெரிய மனிதர்களின் கோபத்தின் ஆழம் இவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசாரி நிலை கொண்டுவந்தார். மஞ்சள், குங்குமம், மாவிலை இல்லாமல் நிறுத்தமாட்டேன் என்றார். டாக்டர், "என் ஆஸ்பத்திரியிலா?" என்று தொடங்கினார். நல்லவேளையாக அம்மா முந்திக்கொண்டு, "அவங்க அதப் பண்ணட்டும், நாம ஜெபம் பண்ணுவோம்" என்றார்கள். இரண்டும் நடந்தது. கட்டடத்துக்காரர் நிலையில் கை வைத்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லோரும் பார்க்க, அந்த வாசல் வழியாக முதல் ஆளாக வெளியே நடந்து போனார். அதற்குப் பிறகு ஊரே போனது. செங்கல் அதே செங்கல். நாலு கட்டை வைத்ததும் பிணவழி ராஜவழி ஆகிவிட்டது.

பின்வாசலோடு இன்னொன்றும் செய்தேன். உச்சிப்பொழுது வந்ததும் இரண்டு கதவையும் சாத்தினேன். மில் சங்கு ஊதும்வரை திறப்பதில்லை. டாக்டர் உள்ளேயே கட்டில் போட்டுத் தூங்குவார். சாவி என் இடுப்பில். உயிர் போகிற கேஸ் என்றால் நானே எழுப்புவேன், மற்றவர்கள் கொட்டகையில் இருந்து வியாதியை முழுக்க என்னிடம் சொல்லவேண்டும். மாமியார் சண்டை, கிணற்றுத் தகராறு, கத்திரிக்காய் எல்லாம் என் காதில் கொட்டிவிட்டால், சங்கு ஊதியதும் டாக்டரிடம் போகும்போது வியாதி மட்டும்தான் மிச்சம் இருக்கும். எத்தனை கிணறு, எத்தனை மாமியார்! என் காது என்ன பாடுபட்டது என்று ஒருவனும் கேட்டதில்லை.

சந்தை நாள் வந்தது. டாக்டர் கொடுத்த கெடு அன்றோடு முடிகிறது. வீட்டில் பெட்டி கட்டியபடியே இருந்தது. அன்றைக்குப் பார்த்து, கதவு சாத்திய பிறகு கட்டடத்துக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏலே, கதவத் தெற."

"என்ன செய்யுது முதலாளி?"

"வயித்துல கல்லு மாதிரி இருக்கு. தெறயேன்."

"காலைல என்ன சாப்பிட்டிய?"

"கறிதான். மச்சினன் வந்திருந்தான். ஏலே, எங்கட்டடத்துல எனக்கே கதவா?"

வேர்க்கவில்லை. முகம் வெளுக்கவில்லை. குரல் தெருக்கோடிவரை கேட்டது. சாகிறவன் குரலா அது? திறந்தால் இன்றைக்கு அவர், நாளைக்கு அவர் மச்சினன், அடுத்த நாள் ஊர். டாக்டர் லாரி ஏறுவார். திறக்காவிட்டால் இந்த மனிதர் எங்களை லாரி ஏற்றுவார். நான் சாவி இருந்த இடுப்பில் கையை வைத்துக்கொண்டேன்.

"கட்டடம் உங்களுது முதலாளி. தூக்கம் அவருது."

கொட்டகையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓமத் தண்ணீரைச் சுடவைத்து நானே கையில் கொடுத்தேன். உட்கார வைத்தேன். மச்சினனைப் பற்றிக் கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். மச்சினன் வயல் எல்லையைத் தள்ளியது, பெண் கேட்டு வந்தது, கறியைப் போட்டுக்கொண்டே எல்லையைப் பற்றிப் பேசியது, எல்லாம் வந்தது. பேசப் பேச ஏப்பமும் வந்தது. சங்கு ஊதியபோது கல் கரைந்திருந்தது. ஆனாலும் முதல் ஆளாக உள்ளே போனார். தூங்கி எழுந்த டாக்டர் நிதானமாக வயிற்றை அமுக்கிப் பார்த்தார், அவர் சொன்னதையெல்லாம் கேட்டார், சிரித்தார். கை ஆடவில்லை.

வெளியே வந்த கட்டடத்துக்காரர் நேரே சந்தைக்குப் போய் நின்றுகொண்டு, "என்ன பொறுமை! தங்கமான மனுசன்" என்று சொல்லியிருக்கிறார். வெளியே அவரை உட்கார வைத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று மாலை டாக்டரிடம் கேட்டேன். "லாரிக்குச் சொல்லவாய்யா?"

"எதுக்கு?" என்றார்.

அம்மா பெட்டியைப் பிரித்துத் துணியை வெயிலில் போட்டார்கள். அதற்குப் பிறகு யுத்தம் வந்தது, குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா கிடைக்காமல் போனது, மலைக்காய்ச்சல் ஊர் ஊராக அடித்தது, அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவரைப் போல் பொறுமைசாலி இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று பேர் வந்தது.

இப்போது அவர் இல்லை. மகனும் டாக்டர். மாடி வைத்த ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார். திறப்பு விழாவுக்குக் கறுப்புக் கல்லில் எழுதுகிறார்களாம், "பொறுமையே உருவானவர்" என்று. மகன் மேடைக்கு மேடை, அப்பா பிறவியிலேயே சாந்த சுபாவி, ஜெபத்தால் மனத்தை அடக்கினார் என்று பேசுகிறார். ஜெபம் பண்ணியதை நானும் பார்த்திருக்கிறேன். ஜெபம் முடித்த கையோடு தட்டை எறிந்ததையும் பார்த்திருக்கிறேன். பிறவியிலேயே சாந்தமாக இருந்தவருக்கு ஏன் ஐயா நான் வாசலில் காவல் கிடந்தேன்? புது ஆஸ்பத்திரியில் ஒரே வாசல்தான் வைத்திருக்கிறார்களாம். மகனுக்கு ரத்தக்கொதிப்பு என்றும் கேள்வி.

கல்லில் என் பேர் உண்டா என்று ஆள் அனுப்பிக் கேட்டேன். விழாவில் எனக்குச் சால்வை போடுவார்களாம், கல்லில் இடம் இல்லையாம். சால்வையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கல்லில் இடம் இல்லையென்றால் பெரிய கல்லாக வாங்குங்கள். டாக்டர் பேருக்குக் கீழே, அந்தப் பொறுமைக்குப் பாதி உழைத்தது இவன் என்று என் பேரையும் வெட்டவேண்டும். விழாவுக்கு அப்புறம் பார்க்கலாம் என்கிற பேச்சு வேண்டாம். இப்போதே வெட்டவேண்டும். எனக்கும் வயதாகிவிட்டது. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், எனக்கு நேரம் பிடிக்கும்.